அப்பா மப்ளரை அவிழ்க்காத வருஷம்

வசந்தம் என்ற சொல்லை எங்கள் தெருவில் கோயில் நோட்டீஸில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். வசந்த உற்சவம் என்று மஞ்சள் தாளில் அச்சடித்துக் கொடுப்பார்கள். அதைப் படித்துவிட்டு அலமாரித் தட்டில் விரித்து மேலே டப்பாவை வைத்துவிடுவோம். என் மகளின் பள்ளிப் புத்தகத்தில் வசந்தம் என்றால் ஒரு முயல்குட்டியும் பெயர் தெரியாத பூக்களும் இருக்கின்றன. "நம்ம ஊர்ல இது எப்பம்மா வரும்?" என்று கேட்டாள். "தாத்தாவைக் கேளு, அவருக்குத்தான் தெரியும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். குழந்தை முகம் சுருங்கிப்போயிற்று. அவள்மேல் எனக்கு என்ன கோபம்? ஒன்றுமில்லை. அந்தக் கேள்விமேல்தான் கோபம்.

நாங்கள் "பனி போச்சு" என்போம். அதுதான் எங்கள் வசந்தம். பனிக்கு என்ன அவ்வளவு மரியாதை என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். இது பட்டு நெய்கிற தெரு. சேலைக்கு நீளவாட்டில் ஓடுகிற நூலுக்குப் பாவு என்று பெயர். அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்து உலர்த்த வேண்டும். வெயில் ஏறினால் பட்டு முறுகிவிடும் என்பதால் விடியற்காலையில் செய்கிற வேலை. ஆனால் மார்கழியிலிருந்து மாசி வரைக்கும் விடியலில் நீட்டினால் பனி இறங்கிக் கஞ்சி காயாது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இழை தறியில் ஏறினபிறகு மனுஷன் உயிரை வாங்கும். அதனால் அந்த மாதங்களில் வெயில் தலைகாட்டட்டும் என்று காத்திருப்போம். பனி போனது தெரிந்தால் மறுநாளிலிருந்து தெரு இருட்டிலேயே எழுந்துகொள்ளும்.

போனதா, போகவில்லையா என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமே. எங்கள் தெருவில் அந்த ஆள் என் அப்பா.

சிவராத்திரியோடு பனி சிவசிவா என்று போய்விடும் என்று ஊர் முழுக்கச் சொல்லும். அப்பா அதை நம்பமாட்டார். "பனி இன்னா காலண்டர் பார்த்தா போவுது?" என்பார். காலையில் எழுந்ததும் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பார். அடியில் வெள்ளையாக உறைந்திருந்தால் வைத்துவிடுவார். வாசல் வேம்பு பழுப்பு இலையைக் கொட்டிவிட்டுச் செம்புநிறத்தில் துளிர் விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். முதல் குயில் எந்தப் பக்கத்திலிருந்து கூவுகிறது என்று கவனிப்பார். கோயில் பக்கத்து மாமரத்திலிருந்து கூவினால் பூ பிடித்துவிட்டது என்று கணக்கு. ஆற்றுப் பக்கத்திலிருந்து கூவினால், "அது வழி தவறி வந்தது, விடு" என்பார். எல்லாம் பார்த்துக் கடைசியில் ஒரு நாள் கழுத்தில் சுற்றியிருக்கிற பழுப்பு மப்ளரை அவிழ்த்து உதறிக் கொடியில் போடுவார். அதைப் பார்த்ததும் எதிர்வீட்டுக்காரர் உள்ளே போய்க் கஞ்சிக்கு அரிசி ஊறப்போடச் சொல்லுவார். அவ்வளவு நம்பிக்கை.

ஆனால் இதற்கெல்லாம் மேலே ஒரு சோதனை இருந்தது. மாசி பிறந்தால், சாயங்காலத்தில் கஞ்சி போட்ட ஒற்றைப் பட்டு இழையை வேப்பமரத்திலிருந்து எங்கள் ஜன்னல் கம்பிக்கு இழுத்துக் கட்டிவிடுவார். விடியலில் அதை நகத்தால் சுண்டுவார். பனியில் நனைந்த இழை ஊமையாக இருக்கும். காய்ந்த இழை 'ஙீ' என்று மெல்லிசாக ஒரு சத்தம் கொடுக்கும். வாழ்நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் உட்கார்ந்த அப்பாவுக்குக் காது மந்தம். அதனால் நான் பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்தே என்னைத்தான் எழுப்புவார். இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வலது காதை இழைக்குப் பக்கத்தில் வைப்பேன். எனக்கு வலது காதுதான் வாகு. "கேக்குதாம்மா?" என்பார். "கேக்குதுப்பா" என்று நான் சொன்னால் தெருவுக்கே பனி போனதாக அர்த்தம். அந்த வயதில் எனக்கு எவ்வளவு கர்வம்!

அந்த வலது காது இப்போது கேட்காது. அது போன கதையைத்தான் சொல்கிறேன்.

என்னைச் செவிலிமேட்டில் கொடுத்தார்கள். ஊரின் தெற்கு எல்லை, டவுன் பஸ் ஏறினால் வெற்றிலை போட்டு மெல்லுவதற்குள் வந்துவிடும். புது வீடு, டைல்ஸ் போட்ட வாசல். மாப்பிள்ளை வெளியே ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனி வண்டியே வந்து ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடும். பெரும்பாலும் ராத்திரி ஷிப்ட். குடிக்கமாட்டார், சிகரெட் கிடையாது, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பார். "தங்கமான பையன்" என்று அப்பா தெரு முழுக்கச் சொன்னார். துளிரையும் குயிலையும் இழையையும் அத்தனை சோதித்துப் பார்க்கிற மனுஷன், மாப்பிள்ளையைச் சுண்டிப் பார்க்கவில்லை.

ராத்திரி ஷிப்ட்காரனுக்குப் பகல்தான் ராத்திரி. பகலில் அந்த வீட்டில் ஒரு சத்தம் கேட்கக் கூடாது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் குக்கர் விசில் அடித்துவிட்டது. கதவைத் திறந்துகொண்டு வந்தார். அடுப்பை அணைத்தார், என்னை அறைந்தார், திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆச்சரியம்தான். அதற்குப் பிறகு விசில் குண்டு போடாமல் தட்டு மூடிச் சமைக்கக் கற்றுக்கொண்டேன். பாத்திரத்தைத் துணி விரித்து வைத்தேன். கால் கொலுசைக் கழற்றினேன். ஆனாலும் ஏதாவது ஒன்று விழும். விழுந்தால் எனக்கும் விழும்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா தலையைத் தடவிக்கொடுத்தாள். "அடிக்கிற கைதான்மா அணைக்கும்" என்றாள். இந்தப் பழமொழியை உண்டாக்கினவனை ஒரு தடவை பார்க்க வேண்டும். அடிக்கிற கை அடித்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறதே, எப்போது வந்து அணைக்கும்? அம்மா அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் சொன்ன பதில் அவள் வாய் வழியாக எனக்கு வந்தது. "ராத்திரியெல்லாம் முழிச்சுக்கினு இருக்கறவன். தூக்கம் கெட்டா கோவம் வரத்தான் செய்யும். ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாப் போயிடும்."

குழந்தை பிறந்தது. தலைப் பிரசவம் தாய்வீட்டில்தானே. கார்த்திகையில் பெண் பிறந்தாள். எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தையைப் பனியில் வாசல் தாண்ட விடமாட்டார்கள். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மச்சையே துளைக்கிற பனி குழந்தையின் உச்சியை விடுமா? அதனால் மாமியார் வந்து குழந்தையைப் பார்த்தபோதே பேச்சு முடிந்துவிட்டது. "பனி போனதும் நாங்களே கொண்டாந்து விடறோம், சம்பந்தி" என்று அப்பா வாக்குக் கொடுத்தார். பனி போனதா இல்லையா என்று சொல்லப்போகிறவரும் அவரே. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டபோது எனக்குள் ஒரு சின்ன தைரியம் வந்தது. அப்பா கையில்தானே இருக்கிறது என்று நினைத்தேன். பாழாய்ப்போன நினைப்பு.

என் மகள் பகலில் அழுகிற குழந்தை. ராத்திரி பொம்மை மாதிரி தூங்குவாள். பகல் விடிந்தால் ஊரைக் கூட்டுவாள். மற்றவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்குக் குக்கர் விசில்தான் ஞாபகம் வந்தது. குக்கருக்குக் குண்டை எடுத்துவிடலாம். இவளுக்கு என்ன செய்வேன்? அந்த வீட்டில், அந்தப் பகலில், அந்தக் கதவுக்கு வெளியே இவள் வாய்விட்டு அழுதால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்து எனக்குப் பால் வற்றியது. அந்த மாசி முழுக்க நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். பனி போகக் கூடாது. இவள் கொஞ்சம் வளருகிற வரைக்கும், ஒரு 'ச்சூ' சொன்னால் புரிகிற வரைக்கும், பனி போகக் கூடாது.

அப்பா வழக்கம்போல இழை கட்டினார். விடியலில் என்னைக் கூப்பிட்டார். நான் கல்யாணமாகிப் போனபிறகு அம்மாவை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தவருக்கு, என் காது திரும்பி வந்ததில் சந்தோஷம். இடது காதைப் பொத்தி வலது காதை வைத்தேன். சுண்டினார். இழை பாடியது. எத்தனையோ வருஷமாகக் கேட்ட அதே 'ஙீ', சுத்தமாக, ஊசி மாதிரி.

"கேக்குதாம்மா?"

"கேக்கலப்பா" என்றேன்.

மறுநாளும் கேட்கவில்லை என்றேன். அதற்கு மறுநாளும். நாலாம் நாள் எதிர்வீட்டுக்காரர் பல்குச்சியோடு வந்து நின்றார். அவர் அப்பாவுக்குத் தம்பி முறை. "இன்னாண்ணே, இன்னும் விடலையா? என் பாவு சுருட்டி வெச்சது வெச்ச மாதிரி கெடக்குது. குயிலு தொண்டை கிழிய கத்துதே" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். மரம் துளிர் முழுக்க விட்டு, அங்கங்கே மொட்டுகூட வைத்துவிட்டிருந்தது. சனியன் பிடித்த மரம், அந்த வருஷம் பார்த்து அப்படி ஓர் அழகாக நின்றது. மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் தொரட்டியை எடுத்துக்கொண்டு போய் எட்டின மட்டும் மொட்டை இழுத்துப் போட்டேன். தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தேன். குயிலை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா தறிக்குழியில் காலை விட்டபடி உட்கார்ந்திருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நேராகவே கேட்டுவிட்டேன்.

"அப்பா, இன்னும் கொஞ்ச நாளைக்கு பனி இருக்குதுன்னு சொல்லுப்பா. சித்திரை வரைக்கும் சொன்னா போதும். குழந்தை தலை நிக்கட்டும்பா."

அவர் நெய்கிற கையை நிறுத்தவில்லை. "நான் சொன்னா பனி நிக்குமா?"

"பனி நிக்க வேணாம்பா. நீ சொன்னா அவங்க நிப்பாங்க."

அதற்குக் கை நின்றது. கொஞ்ச நேரம் சேலையின் கரையைத் தடவிக்கொண்டிருந்தார். "இத்தினி வருசமா இந்தத் தெருவு என் வார்த்தையை நம்பிக்கினு இருக்குது. பொய் சொல்லி எனக்கு வாய் பழகலம்மா. இன்னாதான் சொன்னாலும் பொண்ணு இருக்கற இடம் புருசன் வீடுதானே. போவப் போவ சரியாயிடும்" என்றார். மறுபடி தறி ஓட ஆரம்பித்தது.

மறுநாள் விடியலில் என்னை எழுப்பவில்லை. நானாக எழுந்து வெளியே வந்தபோது அப்பா தெருவில் நின்று மப்ளரை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தார். "பனி போச்சு" என்றார், எதிர்வீட்டுக்குக் கேட்கிற குரலில். எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. அன்றைக்கே செவிலிமேட்டுக்குப் போன் போட்டார்.

மாப்பிள்ளை நல்ல நாள் பார்த்து வந்தார். தட்டில் பூவும் பழமும். அப்பா காலைத் தொட்டுக் கும்பிட்டார். குழந்தையை அழகாகக் கையில் வாங்கிக்கொண்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆரத்தி எடுத்தாள். தெருவில் புதுப் பாவு நீட்டியிருந்தார்கள். நாங்கள் ஆட்டோவுக்குப் போவதற்காக அதை ஓரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். குனிந்து அதன் கீழே நுழைந்து போனேன். எவ்வளவு நன்றாகக் காய்ந்திருந்தது அந்தப் பாவு.

அங்கே இருந்த மாதங்களை விவரித்து எழுத எனக்கு இஷ்டமில்லை. மகள் அழ ஆரம்பித்தால் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவேன். சித்திரை வெயிலில் தண்ணீர்த் தொட்டி நிழலில் அவளை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் எழுந்திருக்கும் நேரம் வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். பக்கத்து வீட்டம்மாள், "இன்னாமா, பச்சைக் குழந்தையை வெயில்ல வெச்சுக்கினு" என்று அதட்டுவாள். பனிதான் குழந்தைக்கு ஆகாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வெயில் ஆகாது என்று சொல்ல அந்த ஒருத்திதான் இருந்தாள்.

அடுத்த மார்கழியில் மகளுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. அன்று விடிவதற்குள் அவர் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தார். இவள் வீலென்று கத்தினாள். தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போவதற்குள் கதவு திறந்தது. கை குழந்தையை நோக்கித்தான் வந்தது. முகத்தைக் குறுக்கே கொடுத்தேன். அறை வலது காதில் விழுந்தது. உள்ளே ஏதோ உடைந்த மாதிரி இருந்தது. அப்புறம் அந்தப் பக்கம் பூராவும் அமைதி. மகள் வாயைத் திறந்து அழுகிறாள், பாதி அழுகைதான் எனக்கு வருகிறது.

முதல் டவுன் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. காத்திருக்கவில்லை. போட்டிருந்த நைட்டியோடு, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தேன். அப்படி ஒரு பனி. எதிரில் வருகிற லாரியின் விளக்கு பக்கத்தில் வந்தபிறகுதான் தெரிந்தது. குழந்தையின் தலைமுடியில் பனித்துளி கோத்துக்கொண்டு நின்றது. அவள் பாட்டுக்கு என் தோளில் தூங்கிவிட்டாள்.

தெருவுக்குள் நுழைந்தபோது அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா மப்ளரைச் சுற்றிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். வீங்கிய முகத்தைப் பார்த்தாரா, செருப்பில்லாத காலைப் பார்த்தாரா, தெரியாது. அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்:

"இன்னாம்மா இது, பனியில குழந்தையைத் தூக்கினு வர்றியே!"

"பனி ஒண்ணும் பண்ணாதுப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். என் மகளுக்கு அன்றைக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

ஆஸ்பத்திரியில் காட்டினோம். உள்காதே அடிபட்டுவிட்டது, இனி அந்தக் காது திரும்பாது என்றார்கள். கூட வந்த அம்மா, "காது வலின்னு மட்டும் சொல்லி வெப்போம். அப்பாவுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாரு" என்றாள். வாங்கினவள் நான் தாங்கிக்கொள்ளலாம், கேட்கிறவர் தாங்கமாட்டாராம்! எனக்குச் சண்டை போடவும் தெம்பில்லை. சரி என்றேன். செவிலிமேட்டிலிருந்து ஆள் வந்தது. "ஏதோ தூக்கக் கலக்கத்துல நடந்துடுச்சு. குழந்தை பனியில நனைஞ்சு வந்திருக்குது, இப்ப மறுபடி அலைக்க வேணாம். பனி போனதும் வந்து கூட்டிக்கறோம்" என்றார்கள். மழை விட்டும் தூவானம் விடவில்லை. மறுபடியும் அதே பனி, அதே கெடு. அப்பா 'ஆகட்டும்' என்றும் சொல்லவில்லை, 'ஆகாது' என்றும் சொல்லவில்லை.

மாசி பிறந்தது. இந்த மனுஷன் இந்த வருஷமாவது சும்மா இருப்பார் என்று நினைத்தேன். சாயங்காலம் இழையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். விடியலில் வந்து என் கால்மாட்டில் நின்று, "வாம்மா" என்று கூப்பிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் போனேன். பழக்கம் என்ன செய்யும்? கை தானாக எழுந்து இடது காதைப் பொத்தியது. வலது காது தானாக இழைக்குப் பக்கத்தில் போயிற்று.

அப்பா சுண்டினார். இழை நடுங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. அவர் உதடு அசைவதும் தெரிந்தது. கேக்குதாம்மா என்றுதான் கேட்டிருப்பார்.

கையை எடுத்துவிட்டு, "கேக்கலப்பா" என்றேன்.

இன்னொரு தடவை சுண்டினார். "கேக்கல" என்றேன்.

அப்பா இழையை விரலால் பிடித்து நிறுத்தினார். "பொய் சொல்லாதம்மா. போன வருசமும் இப்படித்தான் சொன்னே. எனக்குத் தெரியாதா? இழையைத் தொட்டாலே விரலு சொல்லிடும். நீ பொய் சொல்றேன்னு தெரிஞ்சுதான் நானும் நாலு நாள் வாயை மூடிக்கினு இருந்தேன்."

தெரிந்துதான் இருந்திருக்கிறது. நான் ஏன் பொய் சொன்னேன் என்றும் தெரியும், எதற்குப் பயந்தேன் என்றும் தெரியும். நாலு நாள் தர்மம் போட்டுவிட்டு ஐந்தாம் நாள் மப்ளரை உதறியிருக்கிறார்.

"இப்ப பொய் இல்லப்பா" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "இந்தக் காது போச்சு. அன்னிக்கு அடிச்சதுல போச்சு. காது வலின்னு அம்மா சொன்னது பொய். நான் சொல்றது நெசம்."

அப்பா நம்பாதவர் மாதிரி இன்னொரு தடவை இழையைச் சுண்டினார், பலமாக. அது அறுந்துவிடும்போல ஆடியது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய கை கீழே இறங்கியது. மரத்தடியில், வாசல் தெளித்த ஈரத் தரையில், அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுதாரா என்று நின்று பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய கடமை எனக்கு இல்லை. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்துக் குக்கரை வைத்தேன். வேண்டும் என்றே ஒரு விசில் அதிகமாகவே விட்டேன்.

நான் வெளியே வந்தபோது மரத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவே இழை இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத் தெரு இன்னும் சொல்லிச் சிரிக்கும். சிவராத்திரி போனது, அப்பா கழுத்தில் மப்ளர் இருந்தது. பங்குனி பிறந்தது, மப்ளர் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் வந்து கேட்டார். "இன்னும் விடலப்பா" என்றார் அப்பா. வேப்பம்பூ பொரி இறைத்த மாதிரி தெரு முழுக்கக் கொட்டிக் கிடந்தது. "இன்னாண்ணே, பூ காலை வழுக்குது, விடலைன்றியே!" "விடல." ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர்களே விடியலில் பாவு நீட்ட ஆரம்பித்தார்கள். அண்ணனுக்கு மூளை குழம்பிப்போச்சு என்று பேச்சு கிளம்பியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கடைத்தெருவில் முகம் தெரியாதவன்கூட, "இன்னா நைனா, பனி எப்படி இருக்குது?" என்று கேட்டுவிட்டுப் போனான். அப்பா கேட்டுக்கொண்டு நடந்தார். கழுத்தெல்லாம் வேர்க்குரு. மப்ளர் மட்டும் இறங்கவில்லை.

சித்திரை பாதியில் செவிலிமேட்டிலிருந்து வந்தார்கள். மாமியாரும் மாப்பிள்ளையின் தம்பியும். மாப்பிள்ளைக்கு ஷிப்டாம். தட்டில் அதே பூ, அதே பழம். ஆட்டோவிலிருந்து இறங்கி உள்ளே வருவதற்குள் மாமியாருக்கு வேர்த்துக் கொட்டியது. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டாள். அப்பா எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஃபேனை நிறுத்தும்மா" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "குழந்தைக்கு பனி ஒத்துக்காது."

அம்மா திகைத்துப்போய் நிறுத்தினாள். மாமியாரும் கொழுந்தனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னா சம்பந்தி, வெயிலு மண்டையைப் பொளக்குது. பனின்றீங்களே" என்றாள் மாமியார்.

"செவிலிமேட்டுல விட்டிருக்கும்மா. எங்க தெருவுல இன்னும் விடல."

"வெளையாடாதீங்க. பொண்ணைக் கூட்டிக்கினு போவணும்னு வந்திருக்கோம். நீங்க குடுத்த வாக்குதானே? பனி போனதும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். போனதும் நானே சொல்லி அனுப்பறேன்."

கொழுந்தன் எழுந்துவிட்டான். "எப்பதாங்க போவும்?"

அப்பா மப்ளரை இன்னொரு சுற்று இழுத்துச் சுற்றிக்கொண்டார். நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை. "நான் உசிரோட இருக்கற வரைக்கும் போவாதுன்னு நெனைக்கறேன், தம்பி" என்றார். குரல் தெருவரைக்கும் கேட்டது. எதிர்வீட்டில் தறிச் சத்தம் நின்றது.

அவர்கள் கத்தினார்கள், பஞ்சாயத்து வைப்போம் என்றார்கள், தட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆட்டோ போகிற சத்தம் இடது காதில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நான் கதவுக்குப் பின்னால் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அப்பாவுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று அம்மாவின் கண் கெஞ்சியது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எங்கள் வீட்டில் காது கெட்ட பிறகு.

அப்பா வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். நானும் போய் நின்றேன். குயில் ஒன்று விடாமல் கூவிக்கொண்டிருந்தது. ஒற்றைக் காதுக்குச் சத்தம் வரும், அது வருகிற பக்கம் தெரியாது. கோயில் பக்கமா, ஆற்றுப் பக்கமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பா ஏதோ சொன்னார்போல இருந்தது. என் வலதுபுறத்தில் நின்றிருந்தார். நான் பேசாமல் இருக்கவே, ஞாபகம் வந்து, சுற்றிக்கொண்டு இடதுபுறம் வந்தார்.

"சரியாத்தானேம்மா சொன்னேன்?"

"சரியாத்தான்பா சொன்னே" என்றேன். "போன வருசம் சொல்லியிருக்க வேண்டியது."

அப்பா தலையை ஆட்டினார். கொடி காலியாக இருந்தது, தலைக்கு மேலே சித்திரை வெயில் எரிந்தது. அவர் மப்ளரை அவிழ்க்கவில்லை. அவிழ்த்துவிடுப்பா என்று நானும் சொல்லவில்லை.